ஒரே ஒரு எழுத்து: பாங்காக் தபாலும் எங்க தாத்தாவோட ஸ்டாம்பும்

(எபிசோடின் ஆடியோவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் எபிசோடு வரல, சாரி. ஆபீஸ்ல ரிலீஸ் இருந்ததுன்னு வழக்கமான சாக்கு சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் வேற. பொங்கல் லீவுக்கு நாகப்பட்டினம் போனேன். அங்க தாத்தாவோட டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைச்சது. அதுல ஒரு ஸ்டாம்ப் என்னோட ரெண்டு வாரத்தை அப்படியே முழுங்கிடுச்சு.

ஸ்டாம்ப் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். ஆரஞ்சு நிறம். நடுவுல விக்டோரியா ராணி தலை. மேல 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்'னு இருக்கு. அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் சேர்ந்த பிரிட்டிஷ் காலனி. விலை 8 சென்ட். ராணி தலைக்கு மேல கறுப்பு மையில ஒரே ஒரு எழுத்து, ஆங்கில 'பி'. அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்குக் கீழ தாத்தா பென்சில்ல எழுதி வச்சிருந்தார்: "பாங்காக். அரிது."

எங்க வீட்டுல இதுக்குப் பேரே 'பாங்காக் ஸ்டாம்ப்'. சின்ன வயசுல எனக்கு அதைத் தொட அனுமதி கிடையாது. "அது ஒண்ணு போதும்டா, உன் காலேஜ் ஃபீஸ் கட்டிடலாம்"னு அப்பா சொல்வார். கடைசியில ஃபீஸுக்கு பேங்க் லோன்தான் போட்டோம், அது வேற கதை. இந்த எபிசோடு அந்த ஒரு எழுத்தைப் பத்தி. ராணி தலையில பாங்காக் பேரோட முதலெழுத்து எப்படி வந்தது? அது நிஜமா, போலியா? அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாங்க, போகலாம்.

பாங்காக்கில் பிரிட்டிஷ் தபால்

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் காலனியாக இருந்ததில்லை. அப்படியிருக்க, அதன் தலைநகரில் பிரிட்டிஷ் ராணி தலை போட்ட ஸ்டாம்புக்கு என்ன வேலை?

பதில் 1855இல் இருக்கிறது. அந்த வருஷம் பிரிட்டனுக்கும் சயாமுக்கும் இடையே பௌரிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹாங்காங் கவர்னராக இருந்த சர் ஜான் பௌரிங் பேரில் வந்த பெயர் அது. இறக்குமதிக்கு 3 சதவீதத்துக்கு மேல் வரி போடக்கூடாது என்று அதில் முடிவானது. இன்னொரு ஷரத்தும் இருந்தது. பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பாங்காக்கில் வழக்கில் சிக்கினால், அவரை சயாம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. பிரிட்டிஷ் கான்சல்தான் விசாரிப்பார்.

பிரிட்டிஷ் பிரஜைன்னா வெள்ளைக்காரங்க மட்டும்னு நினைக்காதீங்க. பினாங்கு, சிங்கப்பூர்ல பிறந்த சீன வியாபாரிகள், பர்மாக்காரங்க, நம்ம ஊர்ல இருந்து போனவங்க, எல்லாரும் அந்தக் கணக்குல வருவாங்க. பாங்காக் சீலோம் ரோட்டுல இருக்கிற மாரியம்மன் கோயில் 19ஆம் நூற்றாண்டோட பின்பகுதியில அப்படி அங்க குடியேறின தமிழர்கள் கட்டினதுதான். பாங்காக் டூர் போனவங்க பார்த்திருப்பீங்க.

ஒப்பந்தத்துக்குப் பிறகு சாவோ பிரயா ஆற்றில் கப்பல்கள் குவிய ஆரம்பித்தன. அரிசி வெளியே போனது. சிங்கப்பூர், ஹாங்காங் சரக்கு உள்ளே வந்தது. வியாபாரம் நடக்கணும்னா கடிதம் போகணும், இல்லையா? இன்வாய்ஸ், விலை விவரம், கடன் பாக்கி, எல்லாமே காகிதம். ஆனால் வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்ப சயாமிடம் அப்போது தபால்துறையே கிடையாது. கான்சல் அலுவலகமே அந்த வேலையைச் செய்தது. கடிதங்களை ஒரு பையில் போட்டு, சிங்கப்பூர் போகும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அங்கிருந்து அது உலகத்துக்குப் போகும். சிங்கப்பூர் வழியாகப் போவதால், ஒட்டுவதும் சிங்கப்பூரில் செல்லும் ஸ்டாம்ப்தான்.

1882இல் அந்த ஸ்டாம்புகளில் 'பி' என்று அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். ஏற்கனவே அச்சான ஸ்டாம்ப் மீது இன்னொரு தடவை அச்சடிப்பதற்கு 'ஓவர்பிரிண்ட்' என்று பெயர், தமிழில் மேலச்சு. ஸ்டாம்ப் அதே ஸ்டாம்ப்தான். ஆனால் இது பாங்காக்கில் விற்றது என்று அந்த ஒரு எழுத்து சொல்லிவிடும்.

சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, புது ஆப் எழுத நேரம் இல்ல, பழைய ஆப்ல ஒரு ஃப்ளாக் மட்டும் மாத்தி புது ஊர்ல ஓட விட்டாச்சு. உலகம் முழுக்க மேலச்சு அப்படித்தான் வந்திருக்கு. ஆட்சி மாறும், நாணயம் மாறும், புது ஸ்டாம்ப் லண்டன்ல இருந்து வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் பழசு மேலயே அடி.

மூன்று மாடி ஸ்டாம்ப்

இந்த 'பி' ஸ்டாம்புகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று இருக்கிறது. நம்மால் வாங்க முடியாது, படத்தில் பார்க்கலாம். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் பாங்காக் பிரிட்டிஷ் தபாலுக்கு முதல் எண் இதற்குத்தான். மிக அரிதான ஸ்டாம்ப்.

அடியில் இருப்பது இந்திய ஸ்டாம்ப். 2 அணா, மஞ்சள். 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்று எழுதியிருக்கும். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் யானைத் தலை நீர்க்குறி, அதாவது வாட்டர்மார்க், தெரியும். அது முதல் மாடி.

சிங்கப்பூரும் பினாங்கும் 1867 ஏப்ரல் 1 வரை கல்கத்தா நிர்வாகத்தின் கீழ்தான் இருந்தன. அன்றைக்குத்தான் தனி காலனி ஆனது. சந்தையில் டாலரும் சென்ட்டும் புழங்கின, ஸ்டாம்பில் மட்டும் அணா. புது ஸ்டாம்ப் லண்டனில் இருந்து வருவதற்கு முன்னால், இந்திய ஸ்டாம்புகள் மேலேயே ஒரு கிரீடத்தையும் சென்ட் விலையையும் அச்சடித்து, 1867 செப்டம்பர் 1 முதல் விற்றார்கள். இந்த 2 அணா ஸ்டாம்பில் 'முப்பத்திரண்டு சென்ட்' என்று விழுந்தது. அது இரண்டாவது மாடி.

அந்த ஸ்டாக்கில் கொஞ்சம் பதினைந்து வருஷம் தீராமல் கிடந்திருக்கிறது. 1882இல் அதன் மீது 'பி' விழுந்தது. மூன்றாவது மாடி.

யோசிச்சுப் பாருங்க. கட்டை விரல் நகம் சைஸ்ல ஒரு காகிதம். அதுல கல்கத்தா, சிங்கப்பூர், பாங்காக்னு மூணு துறைமுகம், ஒண்ணு மேல ஒண்ணு. எந்த ஊர்க் கடிதத்துக்கு யார் காசு வாங்கினாங்கங்கிற கமிட் ஹிஸ்டரி மொத்தமும் அதுலயே இருக்கு. மேலச்சை அழகுக்காக யாரும் அடிக்கல. அது ஒரு பதிவு.

ஒரே ஊரில் இரண்டு தபால்

1883 ஆகஸ்ட் 4. சயாம் தன் சொந்தத் தபால்துறையைத் தொடங்கியது. மன்னர் சூலலாங்கோர்னின் தம்பி இளவரசர் பானுரங்சி அதற்குத் தலைமை. மன்னர் படம் போட்ட முதல் ஸ்டாம்புகள் லண்டனில் அச்சாகி வந்தன.

ஆனால் ஒரு சிக்கல். சயாம் இன்னும் உலகத் தபால் ஒன்றியத்தில் சேரவில்லை. அதனால் சயாம் ஸ்டாம்ப் ஒட்டி பாங்காக்கின் ஒரு தெருவில் இருந்து இன்னொரு தெருவுக்குக் கடிதம் போடலாம், லண்டனுக்குப் போட முடியாது. லண்டனுக்குப் போகணும்னா ராணி தலையில் 'பி' போட்ட ஸ்டாம்ப் வேணும். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒரே ஊரில் இரண்டு தபால் ஓடியது. உள்ளூருக்கு மன்னர், வெளியூருக்கு ராணி.

1885 ஜூலை 1 அன்று சயாம் ஒன்றியத்தில் சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 30ஆம் தேதியோடு, பிரிட்டிஷ் தபால் மூடப்பட்டது. போர் இல்லை, கலகம் இல்லை. தன் ஊர்க் கடிதத்தைத் தானே உலகத்துக்கு அனுப்பும் உரிமை சயாம் கைக்கு வந்துவிட்டது. இந்த 1885 ஜூன் 30ஐ மனசுல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஒரு சின்ன பின்குறிப்பு. சாவோ பிரயா கரையில், சரோன் குரூங் ரோட்டில் இருந்த அந்த பிரிட்டிஷ் தூதரக வளாகம் 1920களில் வேறு இடத்துக்கு மாறியது. பழைய நிலத்தில் 1940இல் பாங்காக்கின் தலைமைத் தபால் நிலையக் கட்டடம் எழுந்தது. இன்றும் அங்கே நிற்கிறது.

போலி செய்பவர் வேலை ஏன் சுலபம்

இப்ப வில்லன் என்ட்ரி.

ஒரு முழு ஸ்டாம்பைப் போலியாகச் செய்வது கஷ்டம். காகிதம், நீர்க்குறி, நிறம், ஓரப்பல், எல்லாம் பொருந்தணும். ஜான் த ஸ்பெராட்டி என்று ஒருவர் பிரான்ஸில் இருந்தார். அந்த வேலையில் அவர் எமகாதகன். 1942இல் அவர் போர்ச்சுகலுக்கு அனுப்பிய ஸ்டாம்ப் பார்சலை பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்தது. அனுமதி இல்லாமல் விலைமதிப்புள்ள ஸ்டாம்புகளை ஏற்றுமதி செய்ததாகக் குற்றச்சாட்டு. "ஐயா, அதெல்லாம் நானே செஞ்ச போலி"ன்னு அவரே சொல்ல வேண்டி வந்தது. அசல்னு முடிவு பண்ணிட்ட நிபுணர்கள்கிட்ட அதை நிரூபிக்கப் படாத பாடு பட்டார். கடைசியில் 1954இல் பிரிட்டிஷ் ஸ்டாம்ப் சங்கம் ஒன்று அவருடைய சரக்கை வாங்கி, அவர் தொழிலை முடித்து வைத்தது.

ஆனால் மேலச்சைப் போலி செய்ய ஸ்பெராட்டி அளவுக்குத் திறமை வேண்டாம். ஏன்னா ஸ்டாம்ப் அசல். காகிதம் அசல். நீர்க்குறி அசல். தபால் முத்திரை கூட அசல். பொய்யாகச் சேர்ப்பது ஒரே ஒரு எழுத்தை மட்டும். சாதாரண 8 சென்ட் ஸ்டாம்ப் லட்சக்கணக்கில் அச்சானது, இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கும். அதே ஸ்டாம்பில் 'பி' இருந்தால் விலை பல மடங்கு. ஒரு அச்செழுத்து, கொஞ்சம் கறுப்பு மை, அரை நிமிஷ வேலை. லாபத்தைப் பாருங்க.

ஜெனிவாவில் ஃபிரான்சுவா ஃபூர்னியே என்று இன்னொருவர். நூறு வருஷத்துக்கு முன்னால் போலிகளை மறைக்காமலே விற்றார். 'நகல்' என்று சொல்லி விலைப்பட்டியலே போட்டார். அதில் போலி மேலச்சுகளும் ஏராளம். 1917இல் அவர் இறந்த பிறகு, ஜெனிவா ஸ்டாம்ப் சங்கம் மிச்சச் சரக்கை வாங்கியது. 1928இல் அதை 480 ஆல்பங்களாக ஒட்டி விற்றது. யாரும் இனி ஏமாறக்கூடாது, ஒப்பிட்டுப் பார்த்துக்கட்டும் என்பதற்காக. பக் டேட்டாபேஸை பப்ளிக் பண்ணின மாதிரி.

ஃபூர்னியேவிடம் வாங்கியவருக்கு அது நகல் என்று தெரியும். ஆனால் அவரிடமிருந்து வாங்கியவருக்கு? அவர் பேரனுக்கு? போலி ஒரு கை மாறினால் போதும், 'நகல்' என்ற வார்த்தை உதிர்ந்துவிடும்.

டீபக்கிங்

சரி, தாத்தா ஸ்டாம்புக்கு வருவோம். முதல் நாள் நான் செஞ்ச தப்பு, அந்த 'பி'யையே முறைச்சுப் பார்த்துட்டு இருந்தது. எழுத்து தடிமனா இருக்கா, சாய்வா இருக்கான்னு. நெட்ல அசல் படங்களைத் தேடி ஒப்பிட்டேன். கொஞ்சம் மாறி இருக்கிற மாதிரியும் இருந்தது, சரியா இருக்கிற மாதிரியும் இருந்தது. மனசு நிஜம்னு நம்ப ஆசைப்படும்போது கண்ணு அதுக்கு ஜால்ரா அடிக்கும். இது டீபக்கிங் பண்ற எல்லாருக்கும் தெரியும்.

அப்புறம் வேற வழியில யோசிச்சேன். போலி செஞ்சவர் தொட்டது அந்த எழுத்தை மட்டும்தான். அப்போ அவர் தொடாத இடங்கள்ல பொய் சொல்லியிருக்க முடியாது. அங்க பார்க்கலாம்.

முதல் சோதனை, ஸ்டாம்போட வயசு. பிரிட்டிஷ் தபால் 1885ல மூடினது. அதுக்கு அப்புறம் வெளிவந்த ஸ்டாம்ப்ல 'பி' இருந்தா, யோசிக்கவே வேண்டாம், போலி. உதாரணமா இதே வரிசையில பச்சை நிற 1 சென்ட் ஸ்டாம்ப் 1892லதான் வந்தது. அதுல 'பி' அடிச்சு யாராவது வித்தா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. தாத்தாவோட 8 சென்ட் ஆரஞ்சு, 1885க்கு முன்னாடியே புழக்கத்துல இருந்த ஸ்டாம்ப். இந்த டெஸ்ட் பாஸ். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

ரெண்டாவது சோதனை, தபால் முத்திரை. வட்ட முத்திரையில பாதிதான் ஸ்டாம்ப் மேல விழுந்திருக்கு. அதுல 'பினாங்கு'ங்கிறதுக்கான எழுத்துகள் தெரியுது. கீழ வருஷம், ரெண்டே இலக்கம். வெறுங்கண்ணுக்கு '83' மாதிரி இருந்தது. ஆல்பத்துல தாத்தாவும் '1883'ன்னுதான் எழுதியிருந்தார்.

பாங்காக்ல விற்ற ஸ்டாம்ப்ல பாங்காக் முத்திரை விழறதுதான் முறை. பை சிங்கப்பூருக்குப் போனதால சிங்கப்பூர் முத்திரைன்னா கூட ஒப்புக்கலாம். பினாங்கு ஏன்? போய்ச் சேர்ந்த ஊர்னு வச்சுக்கிட்டாலும், சேர்ந்த ஊர் முத்திரை வழக்கமா உறைக்குப் பின்னாடிதான் விழும். எனக்கு வயித்துல லேசா ஒரு பயம் வந்தது அப்பதான்.

ஒரு யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கினேன். லேப்டாப்ல சொருகிப் பார்க்கிற டைப். ஸ்கிரீன்ல ஸூம் பண்ணேன். அந்த '3'க்கு இடது பக்கமும் ஒரு மெல்லிய வளைவு இருந்தது. மை சரியா ஒட்டாம விட்டுப்போன வளைவு. அது 3 இல்ல. 8.

1888. பாங்காக் அலுவலகம் மூடி மூணு வருஷம் கழிச்சு.

இன்னும் வாதாடலாம். யாரோ ஒருத்தர் மீந்துபோன 'பி' ஸ்டாம்பை பினாங்குக்கு எடுத்துட்டுப் போய் ஒட்டியிருக்கலாமே? நானும் அப்படித்தான் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். அதனால மூணாவது சோதனை, எது மேல எது? அசல்னா முதல்ல 'பி', அப்புறம் முத்திரை. ஸ்டாம்பை வித்த பிறகுதானே தபால்காரர் முத்திரை குத்துவார். முத்திரைக் கோடும் 'பி'யும் வெட்டிக்கிற இடத்தைப் பார்க்கணும். ரெண்டும் கறுப்பு மைங்கிறதால இது அவ்வளவு சுலபம் இல்ல. விளக்கைச் சாய்ச்சு வச்சு, வேற வேற கோணத்துல முப்பது நாப்பது போட்டோ எடுத்தேன். முத்திரைக் கோடு 'பி'க்கு அடியில போகுது. 'பி'யோட மை அது மேல படிஞ்சு லேசா மினுங்குது.

ஒரு சாட்சி தனியா இருந்தா தப்பா இருக்கலாம். ஊரும் ஒத்து வரல, வருஷமும் ஒத்து வரல, வரிசையும் ஒத்து வரல. இருந்தும் படங்களை இந்தத் துறையில பல வருஷ அனுபவம் உள்ள ஒருத்தருக்கு அனுப்பினேன். பதில் ஒரே வரி: "தம்பி, ஸ்டாம்ப் அருமையான ஸ்டாம்ப், எழுத்துதான் பின்னாடி வந்தது."

அப்பாயி சொன்னது

இத்தோட எபிசோடை முடிச்சிருக்கலாம். ஆனா நான் நாகப்பட்டினத்துக்கு போன் போட்டு அப்பாயிகிட்ட கேட்டேன். "தாத்தாவுக்கு இந்த பாங்காக் ஸ்டாம்ப் எங்க கிடைச்சது?"

"கிடைக்கலடா தம்பி, மாத்திக்கிட்டாரு"ன்னாங்க.

தாத்தாவோட அப்பா பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதினவர். அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துல இருந்து பினாங்குக்குக் கப்பல் உண்டு. ரஜூலா கப்பல்னு உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லக் கேட்டிருப்பீங்க. மாசம் ஒரு கடிதம் வருமாம். 1941 டிசம்பர்ல ஜப்பான் படை பினாங்கைப் பிடிச்சது. கடிதம் நின்னுபோச்சு. மூணரை வருஷத்துக்கு மேல ஒரு வரி கிடையாது. ஆள் இருக்காரா இல்லையான்னே தெரியாம, கொள்ளுப்பாட்டி தாலியைக் கழட்டுறதா வேண்டாமான்னு ஊர்ல பேச்சு வர்ற அளவுக்குப் போயிருக்கு. போர் முடிஞ்ச பிறகு ஒரு நாள் கடிதம் வந்தது. அந்த உறையை, அதுக்கு அப்புறம் வந்த உறைகளையும் சேர்த்து, கொள்ளுப்பாட்டி கட்டுக் கட்டா வச்சிருந்தாங்க. அவங்க போன பிறகு தாத்தாகிட்ட வந்தது.

"அந்தக் கவர்ல என்ன ஸ்டாம்ப் அப்பாயி, ஞாபகம் இருக்கா?"

"ராசா தலை. தலைக்கு மேல இங்கிலீசுல என்னமோ அடிச்சிருக்கும். தாத்தாதான் காட்டுவாரு."

அது என்னன்னு எனக்கு உடனே புரிஞ்சது. 1945ல ஜப்பான் சரணடைஞ்சு பிரிட்டன் திரும்ப வந்தப்போ, மலாயாவுல பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் நடந்தது. ஆங்கிலத்துல அதோட சுருக்கம் 'பிஎம்ஏ'. புது ஸ்டாம்ப் அச்சடிக்க நேரம் இல்ல. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஸ்டாம்புகள்ல 'பிஎம்ஏ மலாயா'ன்னு மேலச்சு அடிச்சு, 1945 அக்டோபர்ல இருந்து வித்தாங்க. ரொம்பச் சாதாரண ஸ்டாம்ப். இன்னைக்கும் ஒரு டீ விலைக்குக் கிடைக்கும்.

எழுபதுகள்ல ஒரு ஸ்டாம்ப் வியாபாரி வீட்டுக்கு வந்திருக்கார். பேரெல்லாம் வேண்டாம். "இதெல்லாம் சல்லி பெறாது சார், ஆனா மொத்தமா குடுத்தா உங்களுக்கு ஒரு அரிய பாங்காக் ஸ்டாம்ப் தர்றேன்"னு சொல்லியிருக்கார். தாத்தா அந்த உறைக் கட்டு மொத்தத்தையும் குடுத்துட்டு, இந்த ஆரஞ்சு ஸ்டாம்பை வாங்கியிருக்கார்.

அசல் மேலச்சு வீட்டுலயே இருந்தது. மூணரை வருஷ மௌனம் உடைஞ்சதுக்கு ஆதாரம் அது. தேதி, ஊர், கொள்ளுத்தாத்தாவோட கையெழுத்து, எல்லாம் அந்த உறை மேல இருந்திருக்கும். அதைக் குடுத்துட்டுப் போலி மேலச்சு ஒண்ணை வாங்கியிருக்கார். ரெண்டு வாரமா எனக்கு அந்த வியாபாரி மேல இருந்த கோபம், அன்னைக்கு ராத்திரி எங்க போறதுன்னு தெரியாம நின்னது. தாத்தா பேராசைப்பட்டார்னு என்னால சொல்ல முடியல. அவர் பசங்க படிச்சுட்டு இருந்த காலம் அது. அரிதுங்கிற வார்த்தைக்கு அவர் மனசுல வேற அர்த்தம் இருந்திருக்கும்.

அப்பாயிகிட்ட போலின்னு சொல்றதா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாங்க: "அப்போ அந்தக் கவரெல்லாம் இப்ப யாருகிட்டடா இருக்கும்?"

என்கிட்ட பதில் இல்ல. ஸ்டாம்பை மட்டும் தண்ணியில ஊறவச்சு எடுத்துட்டு, உறையைக் குப்பையில போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துல பலரும் அப்படித்தான் செஞ்சாங்க.

நீங்க என்ன செய்யலாம்

சரி, முடிக்கிறதுக்கு முன்னாடி உபயோகமா நாலு விஷயம்.

ஒண்ணு. மேலச்சு உள்ள ஸ்டாம்ப் வாங்கினா, எழுத்தை மட்டும் பார்க்காதீங்க. அந்தத் தபால் எந்தத் தேதியில தொடங்கி எந்தத் தேதியில மூடினதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. ஸ்டாம்ப் வெளிவந்த வருஷமும் முத்திரைத் தேதியும் அதுக்குள்ள அடங்குதான்னு பாருங்க. கூகுள் தேடல்லயே பாதிப் போலி மாட்டிக்கும்.

ரெண்டு. மேலச்சு இல்லாத ஸ்டாம்ப் மலிவு, இருந்தா விலை பல மடங்குன்னா, அங்க போலி இருக்கும்னு எதிர்பார்த்தே போங்க. பெரிய தொகைன்னா நிபுணர் குழுவோட சான்றிதழ் இல்லாம வாங்காதீங்க. லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி மாதிரி பழைய அமைப்புகள் அதுக்குன்னே குழு வச்சிருக்காங்க.

மூணு. போலி கையில இருந்தா, அதை அடுத்தவர் தலையில கட்டாதீங்க. நான் தாத்தா ஆல்பத்துல அந்த ஸ்டாம்பை எடுக்கல. "பாங்காக். அரிது."ங்கிற அவர் எழுத்தையும் அழிக்கல. அதுக்குக் கீழ பென்சில்லயே எழுதியிருக்கேன்: "மேலச்சு போலி. முத்திரை பினாங்கு, 1888. பாங்காக் பிரிட்டிஷ் தபால் மூடியது 1885 ஜூன் 30." நாளைக்கு என் பசங்க யாராவது ஆல்பத்தைத் திறந்தா, அவங்க திரும்ப ஏமாறக்கூடாது, அவங்ககிட்ட இருந்து யாரும் ஏமாறவும் கூடாது.

நாலு. இதுதான் முக்கியம். உங்க வீட்டுல பரண் மேல, பீரோ அடியில, பழைய கடித உறைகள் இருக்கலாம். சிங்கப்பூர், பர்மா, சிலோன், பம்பாய், எங்கிருந்து வந்ததா வேணும்னாலும் இருக்கட்டும். ஸ்டாம்பைக் கிழிக்காதீங்க, ஊறவைக்காதீங்க, வெட்டாதீங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுங்க. யார் யாருக்கு எழுதினதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே கேட்டு ஒரு நோட்ல எழுதி வைங்க. சந்தையில அதுக்குப் பத்து ரூபா கூட வராம போகலாம். யாராவது வந்து "இது சல்லி பெறாது"ன்னு சொன்னா, சரிங்க சார்னு சொல்லிட்டு, பெட்டியை மூடிடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை நான் மறுபடி நாகப்பட்டினம் போறேன். அப்பாயி அந்த முதல் கடிதத்துல என்ன எழுதியிருந்ததுன்னு கொள்ளுப்பாட்டி சொல்லக் கேட்டிருக்காங்களாம். உறை போயிடுச்சு, அதையாவது ரெகார்ட் பண்ணி வைக்கணும்.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில ஏதாவது கிடைச்சா எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.